காப்பி இலையைத் திருப்பிப் பார்த்தவர்: ஹாரி மார்ஷல் வார்ட்

சுங்கைப்பட்டாணி – தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்து விட்டாலும் நம்மவர்களின் கை மண்ணை விடுவதில்லை. வாசல் பக்கத்தில் நாலு அடி இடம் இருந்தால் போதும், ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா என்று வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா வைத்த எலுமிச்சைக் கன்று மூன்று ஆண்டுகள் நன்றாக வளர்ந்தது. போன ஆண்டு அதன் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உரம் போதவில்லை என்றார் ஒருவர். தண்ணீர் அதிகம் என்றார் இன்னொருவர். அரிசி கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், யூரியா, கடையில் வாங்கிய பூச்சி மருந்து என்று எல்லாவற்றையும் அம்மா போட்டுப் பார்த்தார். கண் பட்டிருக்கும் என்று மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். இலை பச்சைக்குத் திரும்பவே இல்லை.

என்ன நோய் என்று தெரியாமலேயே எல்லாரும் மருந்து சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தோட்டப் பாட்டாளிகளின் வரலாறு பற்றி எழுதுவதற்காகப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற பெயர் கண்ணில் பட்டது. செடி நோய்களைப் படிப்பவர்கள் உலகம் முழுவதும் அறிந்த பெயர் அது. நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஆராய்ந்த ஓர் இலை நோய், நம் பாட்டன் பூட்டன் எந்த நாட்டில், எந்த மரத்தடியில் வேலை செய்தார்கள் என்பதையே மாற்றியது.

மாலை வகுப்பில் படித்த பையன்

வார்ட் 1854 மார்ச் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை இசைக் கலைஞர். வருமானம் பெரிதாக இல்லாத குடும்பம். மூத்த மகனான ஹாரி சிறு வயதிலேயே பள்ளியை விட வேண்டியதாயிற்று. படிப்பை மட்டும் விடவில்லை. மாலை வகுப்புகளுக்குப் போய்ப் படித்தார்.

லண்டன் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பில் இடம் கிடைத்தது அவர் வாழ்க்கையின் திருப்பம். ஹக்ஸ்லி அந்தக் காலத்தின் புகழ்பெற்ற அறிவியல் ஆசிரியர். புத்தகத்தை மனப்பாடம் செய்வதைவிட, பொருளைக் கையில் எடுத்து, அறுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பழக்கம் வார்டிடம் கடைசிவரை நின்றது.

1876-இல் உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். ஜெர்மனிக்குப் போய் ஜூலியஸ் சாக்ஸ் என்ற பெரிய தாவரவியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்திலும் சில காலம் பயின்றார். அந்த நேரத்தில்தான் இலங்கையிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே காப்பிச் செடிகளின் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று இலங்கை அரசு கேட்டது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். 1880-இல் கப்பலேறிய வார்டுக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதால், அந்தப் பொறுப்பின் கனத்தை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கோப்பிக் காலம்

இலங்கை மலையகத் தமிழர்கள் அந்தக் காலத்தை இன்றும் கோப்பிக் காலம் என்றுதான் சொல்கிறார்கள். தேயிலைக்கு முன்னால் அந்த மலைகள் முழுக்கக் காப்பிதான். 1870-களின் இறுதியில் சுமார் 275,000 ஏக்கரில் காப்பி நின்றது. காடுகளை வெட்டி, மலைக்கு மலை ஒரே செடியை நட்டிருந்தார்கள்.

அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன ஏழைகள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்புவார்கள், அடுத்த பருவத்துக்கு மீண்டும் நடப்பார்கள்.

1869-இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டது. மேல்பக்கத்தில் மஞ்சள் பொட்டு, அடிப்பக்கத்தில் தூள். கையால் தடவினால் இரும்புத் துரு போல ஒட்டிக்கொள்ளும். பேராதெனியத் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் தம் நண்பர் புரூமுடன் சேர்ந்து அது புதிய பூஞ்சை என்று கண்டு, அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்கு அழிப்பது என்று பொருள்.

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் தோட்டத் துரைமார் பலர் பூஞ்சையைக் குற்றவாளியாக ஏற்றுக்கொள்ளவில்லை. மண் சத்து இழந்துவிட்டது, அதனால் செடி நலிந்தது, நலிந்த இலையில் பூஞ்சை வந்து உட்கார்ந்தது என்பது அவர்கள் கணக்கு. சிலர் மழையைக் குறை சொன்னார்கள். சிலர் உரத்தைக் கூட்டினார்கள். காப்பி விலை நன்றாக இருந்ததால் விளைச்சல் குறைந்த தோட்டத்தை ஈடுகட்டப் புதிய காட்டை வெட்டி இன்னும் காப்பியே நட்டார்கள். வார்டுக்கு முன்பு டேனியல் மோரிஸ் என்ற அறிஞர் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த தூளைத் தூவிப் பார்த்தார். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

எங்கள் வீட்டு எலுமிச்சைக் கதையும் இதே கதைதான். அளவுதான் வேறு.

இரண்டு ஆண்டுகள், ஒரு கேள்வி

வார்ட் பேராதெனியத்தில் உட்கார்ந்து முதலில் மருந்து தேடவில்லை. அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது, இலைக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு என்ன செய்கிறது என்று வரிசையாகக் கேட்டார்.

அந்த ஆரஞ்சுத் தூளின் ஒவ்வொரு துகளும் பூஞ்சையின் விதை போன்றது. அதை வித்து என்கிறோம். வார்ட் வித்துகளை நல்ல இலைகளின் மேல் வைத்துப் பார்த்தார். உலர்ந்த இலையில் ஒன்றும் நடக்கவில்லை. இலையில் தண்ணீர்த்துளி இருந்தால் வித்து முளைத்தது. முளைத்த நூலிழை, இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்ணிய மூச்சுத் துளைகளைத் தேடி உள்ளே நுழைந்தது. உள்ளே போன பூஞ்சை இலையின் உணவைத் தின்று வளர்ந்தது. வெளியே பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும். சில வாரங்கள் கழித்துத்தான் மஞ்சள் பொட்டு தெரியும், அதன் அடியில் புதிய தூள் வெடித்து வரும். ஒரே இலையிலிருந்து வித்துகள் இலட்சக்கணக்கில் கிளம்பும்.

இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. பொட்டு கண்ணுக்குத் தெரியும் நாளில் நோய் ஏற்கனவே சில வார வயதுடையது. அப்போது மேலே மருந்து தூவினால் உள்ளே இருக்கும் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது.

தூள் எப்படிப் பரவுகிறது என்பது அடுத்த கேள்வி. வார்ட் கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவிக் காப்பித் தோட்டங்களில் வைத்தார். பிசுபிசுப்பில் காற்றில் வருவதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதை உருப்பெருக்கியில் பார்த்தபோது காப்பித் துருவின் வித்துகள் இருந்தன. காற்றுதான் நோயைச் சுமந்து போகிறது என்பது தெளிவாயிற்று.

நன்றாக உரமிட்ட செடியும், நல்ல மண்ணில் நின்ற செடியும், வித்தும் ஈரமும் சேர்ந்தால் நோய்ப்பட்டன. ஆகவே மண் நலிவு நோயைக் கொண்டுவரவில்லை. இலை காலத்துக்கு முன்பே கொட்டுவதால்தான் செடி நலிந்தது. இலைதான் செடிக்குச் சமையல்கட்டு. அது கொட்டினால் காய்க்குச் சாப்பாடு இல்லை. செடி தன் சேமிப்பைச் செலவழித்துப் புதுத் தளிர் விடும், அந்தத் தளிரையும் பூஞ்சை பிடிக்கும். இப்படி இரண்டு மூன்று சுற்று வந்தால் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு பத்து ஆண்டுகள் வீணாகியிருந்தன.

கசப்பான பதில்

வார்ட் தம் முடிவுகளை மூன்று அறிக்கைகளாக அரசுக்குத் தந்தார். அவற்றில் துரைமார் எதிர்பார்த்த அற்புத மருந்து இல்லை. வித்து முளைப்பதற்கு முன்பே இலையின் மேல் காப்பாக மருந்து இருந்தால்தான் பயன் என்பது அவர் காட்டிய வழி. அத்தகைய மருந்தை அத்தனை மலைகளிலும் மழைக்கு நடுவே தெளிக்க அன்று வசதி இல்லை. பிரான்சில் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை மில்லார்டே வெளியிட்டது 1885-இல். அதற்குள் இலங்கைக் காப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். தடுப்பே இல்லாமல் மைல் கணக்கில் ஒரே செடியை நட்டதுதான் பூஞ்சைக்கு விருந்து வைத்தது. இடையிடையே காற்றைத் தடுக்கும் மரங்கள் இருந்திருந்தால் நோய் இத்தனை வேகத்தில் ஓடியிருக்காது. கடன் வாங்கிக் காப்பி நட்டவர்களுக்கு இது கேட்க இனிக்கும் பதில் இல்லை.

ஒப்பந்தம் முடிந்து 1882-இல் வார்ட் இங்கிலாந்து திரும்பினார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர், ஆனால் ஒரு தோட்டத்தைக்கூடக் காப்பாற்ற முடியாதவர். 1884-இல் காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி திவாலானது. அடுத்த சில ஆண்டுகளில் காப்பி மலைகள் தேயிலை மலைகளாக மாறின.

நம் கதையோடு சேரும் இடம்

காப்பி விழுந்தபோது யார் விழுந்தார்கள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் துரைமார் பக்கம் நின்றே பேசுகின்றன. மூடிய தோட்டங்களில் வேலை போனது தமிழ்ப் பாட்டாளிகளுக்குத்தான். திரும்பிப் போகலாம் என்றால் ஊரில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் அடித்துப் போட்டிருந்தது. பிறகு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பருவத்துக்கு வந்து போனவர்கள் லயத்திலேயே நிலையாகத் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்ற சமூகம் அப்படித்தான் வேர் பிடித்தது.

இன்னொரு கிளை நம் பக்கம் வந்தது. இலங்கையில் கைசுட்ட துரைமார் சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ஹில், ராத்போர்ன் ஆகிய இருவரும் அப்படி வந்தவர்கள்தாம். சிலாங்கூர், பேராக் பக்கங்களில் 1890-களில் லைபீரியக் காப்பி நட்டார்கள். அந்த வகைக்குத் துரு நோயைத் தாங்கும் சக்தி கொஞ்சம் அதிகம். ஆனால் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் அதுவும் நிற்கவில்லை. காப்பிக்கு இடையே நட்டிருந்த ரப்பர் கன்றுகள்தான் கடைசியில் மிஞ்சின. வெள்ளைக்காரத் துரை, கிராணி, கங்காணி, தமிழ்க் கூலி என்ற தோட்ட அமைப்பும் இலங்கை அனுபவத்தோடுதான் இங்கே வளர்ந்தது.

கெடா அப்போது சயாமின் கீழ் இருந்தது. 1909-இல்தான் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கூலிம், கோலமூடா மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். காப்பி இலையின் அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் தூளுக்கும் பீடோங், லூனாஸ், பாடாங் செராய் லயங்களுக்கும் இடையே இப்படி ஒரு வழி இருக்கிறது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

கேம்பிரிட்ஜ் வரை

இலங்கை அனுபவம் வார்டைத் தோற்றவராக ஆக்கவில்லை. 1883-இல் செலினா மேரி கிங்டனை மணந்தார். மான்செஸ்டரில் கற்பித்தார். 1885-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியக் காட்டு இலாகாவுக்கு அதிகாரிகளைப் பயிற்றுவித்த இடம் அது. 1888-இல் ராயல் கழகத்தின் உறுப்பினர், 1893-இல் அக்கழகத்தின் ராயல் பதக்கம், 1895-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் என்று உயர்ந்தார்.

அவர் தொட்ட ஆய்வுகள் பல. அவரை வேரின் குமிழ்கள் வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர் வேர்மயிர் வழியே நுழைவதால் உண்டாகின்றன என்று 1887-இல் காட்டினார். இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே மண்ணுக்குச் சத்தாகப் படரவிடும் பயறுக் கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குமிழ்கள் தெரிந்திருக்கும். ஆங்கிலேயர் வீட்டில் புளிக்கவைக்கும் இஞ்சிப் பானத்துக்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டாகக் குடியிருப்பதைக் கண்டார். சூரிய ஒளியின் நீல, ஊதாக் கதிர்கள் பாக்டீரியாக்களைக் கொல்வதை ஆராய்ந்தார். 1901-இல் செடி நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார்.

கடைசி ஆண்டுகளில் மீண்டும் துரு நோய்க்கே வந்தார். பூஞ்சை தானியச் செடியின் உயிரணுவுக்குள்ளேயே மறைந்து கலந்திருந்து பிறகு வெளிப்படுகிறது என்று சுவீடன் நாட்டு எரிக்சன் சொல்லிவந்தார். வார்ட் புல்வகைகளை வைத்துப் பொறுமையாகச் சோதித்து, அது வெளியிலிருந்துதான் நுழைகிறது என்று நிறுவினார். அவர் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. ஒரு வகைப் புல்லின் துரு, இடையில் வேறொரு புல்லைப் பாலமாகக் கொண்டு மூன்றாவது வகைக்குத் தாவும் என்ற அவர் கருத்தைப் பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் ஸ்டாக்மன் தவறென்று காட்டினார். அதே கேம்பிரிட்ஜில் பிஃபன் என்பவர் கோதுமையின் துரு எதிர்ப்புச் சக்தி பரம்பரையாக வருகிறது என்று 1905-இல் கண்டார். நோய் தாங்கும் ரகங்களை உருவாக்கும் வேலை அங்கிருந்து வளர்ந்தது.

வார்டின் உடல்நலம் குன்றிவந்தது. 1906 ஆகஸ்டு 26-ஆம் நாள் டார்க்கீ நகரில், 52 வயதில் காலமானார். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகன் ஃபிராங்க், குடும்பத்தில் பணமில்லாததால் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்துக்கொண்டு ஷாங்காய்க்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். பின்னாளில் பர்மா, திபெத்து மலைகளில் அரிய செடிகளைத் தேடிய ஃபிராங்க் கிங்டன் வார்ட் அவர்தான்.

வீட்டுக் கன்றுக்கு வார்ட் வழி

அவர் வாழ்க்கையைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் எலுமிச்சையின் இலையைத் திருப்பிப் பார்த்தது. விவசாய இலாகா அதிகாரி ஒருவரிடமும், நாற்று மேடையில் வேலை செய்த பெரியவர்களிடமும் கேட்டறிந்ததையும் சேர்த்து, வீட்டுத் தோட்டக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில், எந்த இலை என்று பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. மேலே உள்ள தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு போன்ற நுண்சத்து கிடைக்கவில்லை. தாமான் வீடுகளில் சிமெண்டும் கட்டட இடிபாடும் மண்ணில் கலந்திருப்பதால் இது சாதாரணம். வேரில் தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இலை ஓரம் மட்டும் கருகினால் வறட்சியோ, தொட்டியில் அதிகமாகப் போட்ட உரமோ காரணமாக இருக்கலாம்.

அடுத்து, துடைத்துப் பாருங்கள். இலை மேல் கரி போன்ற படலம் விரலோடு வந்தால் அது இலையைத் தின்னும் நோயல்ல. மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்றவை விடும் இனிப்பு நீரின் மேல் வளரும் பூஞ்சை. எறும்பு ஏறுகிறதா என்று தண்டைப் பாருங்கள். பூச்சியை ஒழித்தால் கரியும் போய்விடும்.

கொய்யா, மா, ரம்புத்தான் இலையின் மேல்பக்கத்தில் ஆரஞ்சு நிற வெல்வெட் பொட்டு இருந்தால் துரு என்று பயந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு வகைப் பாசி. நிழலும் ஈரமும் நெருக்கமும் அதற்குப் பிடிக்கும். கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் தந்தால் குறையும். இலங்கையில் இருந்தபோது வார்ட் இலை மேல் வளரும் இத்தகைய பாசிகளையும், அவற்றோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளையும் தனியாக ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்று போலிருப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக்கோடு போல வளைந்து வளைந்து போனால் இலைக்குள் புழு குடைகிறது. மாந்தளிர் கத்தரித்தது போலத் தரையில் கிடந்தால் இலை வெட்டும் வண்டு. விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், முட்டை அதில்தான் இருக்கும்.

பிறகு, ஓர் இலையில் நூல் கட்டித் தேதி குறித்து வையுங்கள். பொட்டு பெரிதாகிறதா, பக்கத்து இலைக்குப் போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பரவினால் உயிருள்ள ஒன்று காரணம். பரவாமல் நின்றால் சத்து, தண்ணீர், வெயில் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள். மாலையில் இலை நனைய ஊற்றினால் பூஞ்சை வித்துக்கு நாமே படுக்கை விரித்துக் கொடுத்தது போலாகும். முக்கியமாக, ஒரே நேரத்தில் நாலு வைத்தியம் செய்யாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு சொல்ல முடியாது.

எலுமிச்சைக்கு என்ன ஆனது

எங்கள் எலுமிச்சை இலையின் மஞ்சள், நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இடப்பக்கம் ஓர் இடத்தில் திட்டு, வலப்பக்கம் வேறோர் இடத்தில் திட்டு. சத்துக் குறை என்றால் இரு பாதியும் கண்ணாடி பார்த்தது போல ஒத்திருக்கும். இப்படிக் கோணலாக இருப்பது எலுமிச்சை, ஆரஞ்சு இனத்தைப் பிடிக்கும் பச்சையாதல் நோயின் அடையாளம். அதை உண்டாக்கும் பாக்டீரியாவைச் சுமந்து வருவது ஒரு சின்னஞ்சிறு தத்துப்பூச்சி. அந்தப் பூச்சி எங்கள் கறிவேப்பிலைத் தளிரில் மெழுகு இழைகளோடு உட்கார்ந்திருந்தது. கறிவேப்பிலைத் தளிர் அதற்கு விருப்பமான இடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத தமிழர் வீடு எது?

வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால் இலைகளை விவசாய இலாகாவில் காட்டினோம். சந்தேகம் சரிதான் என்றார்கள். இந்த நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. மரத்தை எடுத்துவிட வேண்டும். வைத்திருந்தால் அக்கம்பக்கத்து எலுமிச்சைகளுக்கும் பரவும்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்று ஆண்டு வளர்த்த கன்று. பூச்சி மருந்துக்கும் உரத்துக்கும் செலவழித்த பணத்தை நான் கணக்குப் போடவில்லை, போட்டால் அவருக்கு இன்னும் வருத்தம். மூன்றாம் நாள் அவரே அரிவாளை எடுத்து வந்தார். வேரோடு எடுத்துவிட்டோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அவர் வீட்டு எலுமிச்சையையும் பார்க்கச் சொன்னோம். அதில் கோணல் மஞ்சள் இல்லை, தளிர்களில் பூச்சி மட்டும் கொஞ்சம் இருந்தது. நேரத்தோடு பார்த்தாயிற்று.

இலங்கைத் துரைமார் பத்து ஆண்டுகள் முன்னதாக அந்தத் தூளைச் சரியாகப் பார்த்திருந்தால் காப்பி பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. காடு வெட்டிக் கடன் வாங்கி மேலும் மேலும் காப்பி நட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம். அந்தப் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. அமேசானில் ஃபோர்டு நிறுவனம் 1928-இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டங்களை அங்குள்ள இலைக் கருகல் பூஞ்சை தலையெடுக்க விடவில்லை, 1945-இல் கைவிட்டார்கள். அந்த நோய் மலேசியாவுக்கு இன்னும் வரவில்லை. அண்மைய ஆண்டுகளில் வேறொரு இலை உதிர்வு நோய் நம் நாட்டு ரப்பரைப் பிடித்துப் பால் வருமானத்தைக் குறைத்து வருகிறது. சிறுதோட்டக்காரர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

எலுமிச்சை நின்ற இடத்தில் அம்மா இப்போது ஒரு கொய்யா வைத்திருக்கிறார். கறிவேப்பிலையை வெட்ட மனம் வரவில்லை, தளிரை மட்டும் அடிக்கடி கிள்ளிக் குழம்பில் போட்டுவிடுகிறார். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது கொய்யா இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். வாசகர்கள் வீட்டில் மஞ்சளான கன்று இருந்தால், கடைக்குப் போய் மருந்து கேட்பதற்கு முன்னால் நீங்களும் ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். புரியாவிட்டால் அந்த இலையோடு உங்கள் மாவட்ட விவசாய இலாகாவுக்குப் போங்கள்.